சுத்திட்டு வந்து வாங்கிக்கிறோம்

செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பதற்கென்றே ஜனங்கள் வந்து இறங்கும் ஊரில் ஒருவர் செருப்புக் கடை வைத்திருந்தால் என்ன நினைப்பீர்கள்? கல்லூரியில் என் பக்கத்து இருக்கைக்காரி தன் வீட்டுத் தொழில் இதுதான் என்று சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் அவளாகவே வந்தாள்.

"பதினாலு கிலோமீட்டர் மலையைச் சுத்தி முடிச்சிட்டு வந்து பார்த்தா, விட்ட இடத்துல செருப்பு இருக்குமா? இருந்தாலும் எந்தக் குவியல்ல இருக்குன்னு தெரியுமா? அப்ப எங்க கடைக்குத்தான் வரணும். சிரிக்கிறா பாரு."

அன்று முதல் அவள் என் தோழி. கடை, தேரடி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. அவள் தாத்தா காலத்துக் கடை. ஊரே அவள் அப்பாவை பாய் என்று கூப்பிடும். அவள் அத்தா என்பாள். நான் அங்கிள் என்பேன். கால் நோகும் ஒருவர் சந்து முனையில் திரும்பும்போதே அவர் உள்ளே பெட்டியை எடுத்துவிடுவார். காலைப் பார்த்தே அளவு சொல்லும் கண் அவருக்கு. அதை அவர் ஒரு திறமையாக எண்ணியதே இல்லை.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. எங்கள் வீட்டில் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்டு வளர்த்த பெண். சென்னையில் ஏழு வருடம் டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை பார்த்தேன். எந்த விளம்பரத்தை யாருடைய போனில் எந்த நேரத்தில் காட்டினால் விரல் வைப்பார்கள் என்று பார்த்துச் சொல்கிற வேலை. "கம்ப்யூட்டர்ல போஸ்டர் ஒட்டுறா" என்று என் அம்மா ஊரில் சொல்லி வைத்திருந்தார். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை. பிறகு சென்னை அலுத்துப்போய், செங்கம் ரோட்டில் ஒரு மாடி அறை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்தே வேலை செய்ய ஆரம்பித்தேன். கீழே ஒரு காபிக்கடை. வெள்ளைக்காரர்கள் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். மேலே நான் கண்ணைக் கொட்டாமல் கிராஃப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு கார்த்திகை தீபம் முடிந்த வாரத்தில் தோழி என் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"அத்தா கடையை மூடப் போறாராம். சின்னத்தா செல்போன் கடை வைக்கணும்னு கேட்டுட்டே இருக்காரு இல்ல, அவருக்கே இடத்தை விட்டுடலாம்ங்கறாரு."

"வியாபாரம் கம்மியா?"

"கம்மி இல்ல. ஜாஸ்தியும் இல்ல. எப்ப எவ்வளவுனே தெரியல. அதான்."

நான் நேரே கடைக்குப் போனேன். அங்கிள் காலிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். தீபத்தன்று சரக்கு தீர்ந்து, பொழுது விடிந்த பிறகு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பியிருக்கிறார். அதற்கு முந்தைய பௌர்ணமியில் மழை. வாங்கி அடுக்கியது அப்படியே நின்றது.

"நிக்கிறது கூட பரவால்லம்மா," என்றார். "கொப்புளம் போட்ட காலோட ஒருத்தங்க படியேறி வராங்க. இல்லைன்னு சொல்லி வெறுங்காலோட அனுப்புறேன் பாரு. அது என்னால முடியல. வயசாகுது."

தோழி கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். அவளுக்கு அந்தக் கடையை நடத்த வேண்டும் என்று பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆசை. அதைச் சொல்லாமல் என்னையே பார்த்தாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "பௌர்ணமிக்கு முன்னாடியே எத்தனை ஜோடி போகும்னு நான் சொல்லிடுறேன் அங்கிள். அதுக்குத்தான் கருவியெல்லாம் இருக்கு" என்றேன்.

அவர் என்னையும் மகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு ஒரு வாக்குக் கொடுத்தார். சித்திரைப் பௌர்ணமி வரைக்கும் பொறுப்பது. வந்தவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது, கடையிலும் பெட்டி தேங்கக் கூடாது. சித்திரையில் அப்படி ஒரு நாள் நடத்திக் காட்டினால் கடை மகளுக்கு. இல்லையென்றால் தன் தம்பிக்கு, அதாவது அவள் சின்னத்தாவுக்கு.

ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது தை மாதத்தில் தெரிந்தது.

கடைக்கு இணையத்தில் ஒரு பக்கம் போட்டிருந்தேன். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே கேள்வி: பக்கத்தில் செருப்பு எங்கே கிடைக்கும்? அதன் கீழே ஒரு பொத்தான். தொட்டால், நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து கடைக்கு வழி காட்டும். ஊருக்குள் இருக்கும் போன்களில் அதற்கு விளம்பரம் ஓடியது. எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள், எந்த மணிக்கு என்று அனலிடிக்ஸ் கருவி எழுதிக்கொண்டே இருக்கும். யார் என்று அதற்குத் தெரியாது, எங்கே என்று மட்டும் தெரியும்.

தை மாதம் ஒரு நாள் சாயங்காலம் கருவி சிவப்புக் கொடி காட்டியது. வழக்கத்துக்கு மாறான ஏற்றம் என்றது. போன மாதம் இதே தேதியில் யாருமே இல்லையாம், போன வாரம் இதே கிழமையிலும் இல்லையாம். சென்னையில் இப்படி வந்தால் போலிக் கிளிக் என்று அர்த்தம். யாரோ இயந்திரத்தை விட்டு விளம்பரத்தைத் தொட வைக்கிறார்கள். நான் சூட்டிகையாக விளம்பரத்தை நிறுத்திவிட்டு, ஒரு பெரிய காரியம் செய்த திருப்தியோடு தோழிக்குப் போன் செய்தேன். போனில் அவள் குரலே கேட்கவில்லை. அவ்வளவு கூட்ட இரைச்சல்.

மறுநாள் அங்கிள் என்னைத் திட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரைக் காட்டினார்.

"ஏம்மா, இந்த ஊர்ல இருந்துக்கிட்டு பௌர்ணமி எப்பன்னு பார்க்காம விட்டுட்டியா?"

இந்த ஊரில் பால் காய்ச்சுகிறவருக்கும் பஸ் ஓட்டுகிறவருக்கும் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியும், ஆனால் கிராஃபுக்கு முன்னால் உட்கார்ந்ததும் மறந்துவிட்டது. கருவிக்குத் தேதி தெரியும், கிழமை தெரியும். நிலா தெரியாது. அதை நம்பிய எனக்கும் தெரியாமல் போனது.

அந்த வெட்கத்தில் மாசி மாதம் முழுக்க வேலை செய்தேன். பழைய காலண்டர் தாள்களை வாங்கி, ஒவ்வொரு பௌர்ணமித் திதியும் எந்த மணிக்குத் தொடங்கி எந்த மணிக்கு முடிந்தது என்று கருவிக்குள் ஏற்றினேன். விற்ற நேரத்தோடு எழுதி வைத்திருந்த கடையின் பழைய விற்பனை நோட்டுகளையும் தோழி தட்டச்சு செய்து கொடுத்தாள். பிறகு கிராஃபைத் தேதிப்படி போடாமல், திதி தொடங்கியதிலிருந்து எத்தனையாவது மணி என்று போட்டேன்.

அதுவரை கோணல்மாணலாக, கோழி கிளறிய மாதிரி கிடந்த கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து படிந்தன. ஐப்பசியின் ஏற்றமும் ஆவணியின் ஏற்றமும் ஒரே மணியில் எழுந்து ஒரே மணியில் இறங்கின. எங்கெங்கோ இருக்கிற ஜனங்கள். ஒருவரை ஒருவர் தெரியாது, ஒருவரும் கூப்பிடவில்லை. கன்னாபின்னா என்று வருகிறார்கள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர்கள் ஒரு நாளும் ஒழுங்கு தவறியதில்லை. தவறான காலண்டரை வைத்துப் பார்த்தது நாங்கள்தான். நான் ஜன்னலைத் திறந்து மலையைப் பார்த்தேன். அது எப்போதும் போல நின்றது.

பங்குனியில் நான் சொன்ன எண்ணிக்கை ஏறக்குறைய சரியாக வந்தது. கூத்தாடியிருப்பேன். ஆனால் அங்கிள் உதட்டைப் பிதுக்கினார். மொத்தம் சரி, அளவு சரியில்லை. எட்டும் ஒன்பதும் பாதியில் தீர்ந்துவிட்டன, ஆறும் ஏழும் அப்படியே இருந்தன. "எண்ணிக்கையைக் காலில மாட்ட முடியாதும்மா" என்றார். ஊரில் பொதுவாக எந்த அளவு எவ்வளவு விற்கும் என்ற விகிதத்தில்தான் நான் பிரித்துக் கொடுத்திருந்தேன். ஏன் தப்பியது என்று புரியவில்லை.

அந்தப் பங்குனிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில்தான் அதைப் பார்த்தேன். பொத்தானைத் தொட்டவர்கள் எங்கே இருந்தார்கள் என்ற புள்ளிகளைத் திரையில் போடச் சொன்னேன். இணையம் மெதுவாக இருந்ததால் வரைபடம் வரவில்லை. தெருவும் இல்லை, ஊர்ப்பெயரும் இல்லை. வெள்ளைத் திரையில் புள்ளிகள் மட்டும் ஒவ்வொன்றாக விழுந்தன. முதலில் சிதறிக் கிடந்தன. பிறகு ஒரு வளைவு தெரிந்தது. பிறகு அது திரும்பியது, சேர்ந்தது. ஒரு முழு வட்டம். நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை.

நடுவில் இருந்தது மலை. யாரும் அதை வரையவில்லை. கால் நொந்து நின்று, போனை எடுத்து ஒரு தொடு தொட்டவர்கள், அவர்களுக்கே தெரியாமல் சேர்ந்து அதை வரைந்து வைத்திருந்தார்கள். நான் சாமி கும்பிடுகிற ரகம் இல்லை. அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

எழுந்து நின்றதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. வட்டத்தில் ஓர் இடத்தில் புள்ளிகள் திட்டாகக் குவிந்திருந்தன. மலைக்குப் பின்பக்கம், அடி அண்ணாமலை. பாதி வழி. தொட்டவர்களில் அதிகம் பேர் அங்கேதான் தொட்டிருந்தார்கள். வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள், கடை ஊருக்குள் இருக்கிறது, அதனால்தான் எதுவும் பொருந்தவில்லை என்று முடிவு கட்டினேன். சித்திரைக்கு அடி அண்ணாமலையில் பந்தல் போட்டுச் சரக்கில் முக்கால்வாசியை அங்கே கொண்டுபோக வேண்டும் என்றேன்.

அங்கிள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். "அங்க விக்காதும்மா" என்றார்.

"இங்க பாருங்க அங்கிள், எவ்வளவு பேர் கேட்டிருக்காங்கன்னு."

"கேப்பாங்க."

"அப்புறம் என்ன?"

"சரி, நீ சொல்ற. போய்ப் பார்ப்போம்."

மகளுக்காக ஒப்புக்கொண்டார் என்று இப்போது தோன்றுகிறது. நானும் சின்ன வயதில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு சுற்றியவள்தான். பாதியில் யாராவது செருப்பு மாட்டுவார்களா என்று என்னை நானே கேட்டிருக்கலாம். அந்தப் புள்ளிக் கூட்டம் என் கண்ணை மறைத்துவிட்டது.

சித்திரைப் பௌர்ணமி அன்று திதி அதிகாலையிலேயே தொடங்கிவிட்டது. அதனால் பகலிலேயே கூட்டம் நடந்தது. விடியுமுன் லோடு ஆட்டோவில் மூட்டைகளோடு நானும் அங்கிளும் அடி அண்ணாமலைக்குப் போய்விட்டோம். அதற்குப் பிறகு வண்டிகளுக்குப் பாதை அடைத்துவிடுவார்கள். கடையை முதல் முறையாக மகளிடம் தனியாக விட்டிருந்தார். மிச்சமிருந்த கால்வாசிச் சரக்கோடு அவள் அங்கே இருந்தாள்.

மதியம் தார் ரோடு இளகியது. லாரியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். லாரி வளைவைத் தாண்டுவதற்குள் ஈரம் காய்ந்தது. ஜனங்கள் ரோட்டோரம் விரித்திருந்த ஈரச் சாக்குகளைத் தேடித் தேடிக் கால் வைத்தார்கள். குழந்தையைத் தோளில் போட்டவர்கள், கைத்தடி ஊன்றியவர்கள், காலேஜ் பிள்ளைகள். எங்கள் பந்தலில் எல்லா அளவிலும் செருப்பு அடுக்கியிருந்தது.

ஒருவரும் வாங்கவில்லை.

வராமல் இல்லை. வந்தார்கள். பந்தல் நிழலில் நின்றார்கள். செருப்பைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார்கள், வளைத்துப் பார்த்தார்கள். கடை ஊருக்குள் எங்கே என்று கேட்டார்கள். பிறகு எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, அந்தக் கொதிக்கிற தாரில் இறங்கி நடந்தார்கள். தெலுங்குக்காரர்கள் ஒரு பெரிய கூட்டமாக வந்தார்கள். "அயிபோயாக்க வஸ்தாம்" என்றார்கள். அங்கிள் தலையாட்டினார். முடிந்ததும் வருகிறோம் என்கிறார்கள் என்று எனக்குச் சொன்னார். எனக்கு அதற்குள் பொறுமை போயிருந்தது.

"எல்லாரும் இதையே சொல்றாங்க. யாரு வரப் போறாங்க?" என்றேன்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. தொட்டவர் எத்தனை, அதில் வாங்கியவர் எத்தனை. அன்று மதியம் வாங்கியவர் பூஜ்யம். அவ்வளவு சுத்தமான பூஜ்யத்தை நான் சென்னையிலும் பார்த்ததில்லை. என் காலில் ஷூ இருந்தது. அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது.

அப்போது மஞ்சள் புடவை கட்டிய ஓர் அம்மா வந்து நின்றார். அறுபது வயதிருக்கும், குடியாத்தத்திலிருந்து தனியாக வந்தவர். குதிகால் வெடித்துச் செம்மண் ஏறியிருந்தது. ஒரு ஜோடியை எடுத்துக் கீழே வைத்து, உள்ளே நுழைக்காமல், பக்கத்தில் தன் பாதத்தை வைத்து அளவு பார்த்தார்.

"ஆறாம் நம்பர் ஒண்ணு எடுத்து வைங்க. சுத்திட்டு வந்து வாங்கிக்கிறேன்."

அங்கிள் குனிந்து காலைப் பார்த்தார். "ஆறு வேணாம்மா. சுத்தி முடிக்கிறப்ப கால் வீங்கிடும். ஏழு எடுத்து வெக்கிறேன்."

அந்த அம்மா சிரித்தார். "அதுவும் சரிதாங்க. ஏழே வைங்க." இறங்கி நடந்தார்.

நான் அங்கிளைப் பார்த்தேன். பங்குனியில் எட்டும் ஒன்பதும் ஏன் தீர்ந்தன என்று அப்போதுதான் உறைத்தது. பதினாலு கிலோமீட்டர் நடந்த கால் ஓர் அளவு பெருத்துவிடுகிறது. இவருக்கு அது எப்போதோ தெரியும்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியேம்மா. கம்ப்யூட்டர் சொல்லும்னுல்ல இருந்தே."

அவர் ஒரு பெட்டி மூடியைக் கிழித்து 'ஏழு, மஞ்சள் புடவை' என்று எழுதினார். அடுத்து வந்தவரிடம் அவராகவே காலைப் பார்த்துச் சொன்னார்: உங்களுக்கு ஒன்பது எடுத்து வைக்கட்டுமா? அவரும் வைங்க என்றார். ஒன்பது, கண்ணாடி போட்டவர். எட்டு, இரட்டைப் பிள்ளைகளின் அப்பா. பத்து, சித்தூர். ஒருவரிடமும் முன்பணம் கேட்கவில்லை, போன் எண் கேட்கவில்லை. அவர்கள் சொன்னது சொல், அவ்வளவுதான்.

மூன்றாவது மூடி நிரம்பியபோது அதை வாங்கி முதலிலிருந்து படித்தேன். நான் நாலு மாதமாக எந்தக் கருவியிடம் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேனோ, அதை ஜனங்கள் நின்று தங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்னும் இரண்டு மூன்று மணி நேரத்தில் எந்த அளவில் எத்தனை ஜோடி வேண்டும் என்று. புள்ளிகள் பொய் சொல்லவில்லை. அவர்கள் அந்த இடத்தில் நின்று வாங்க நினைக்கவில்லை, வாங்கப்போவதை நினைத்தார்கள். மீதி வழியை நடப்பதற்கு அது போதும் போலிருக்கிறது.

இணையம் செத்துக் கிடந்தது. போன் மட்டும் அவ்வப்போது கிடைத்தது. மூடியில் இருந்ததைத் தோழிக்கு வாசித்தேன். அவள் எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"எட்டு என்கிட்ட பன்னண்டுதான் இருக்கு. ஒன்பது அஞ்சு. மிச்சமெல்லாம் உன்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. எல்லாம் என் முதுகுக்குப் பின்னால், யாரும் வாங்காத இடத்தில், மூட்டை மூட்டையாக இருந்தது. பாதை அடைத்தாகிவிட்டது. ஆட்டோ வராது. செருப்பு இங்கே, அதை வாங்கப்போகும் கால்கள் அங்கே. இப்படி ஒரு முட்டாள்தனத்தைச் செய்ய ஏழு வருட அனுபவம் வேண்டும். எனக்கு அழுகை வந்தது. அங்கிளைத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. கொப்புளக் கால்களிடம் இல்லை என்று சொல்வதற்கு அவர் இனி அஞ்ச வேண்டாம், இன்று அவர் மகளே சொல்வாள், அதற்கு நான் ஏற்பாடு செய்திருந்தேன்.

பக்கத்தில் தர்பூசணி விற்றுக்கொண்டிருந்த உள்ளூர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தள்ளுவண்டியில் ஏழெட்டுக் கீற்றுதான் மிச்சம்.

"ஏன் கண்ணு கலங்குது? இதுல ஏத்துங்க. தள்ளிக்கினே போயிடலாம்" என்றார்.

ஏற்றினோம். அக்கா முன்னால் இழுக்க, நானும் அங்கிளும் பின்னால் தள்ளினோம். ஏழு கிலோமீட்டர். வண்டி நிறைய செருப்பு, சுற்றிலும் வெறுங்கால். வழி விடுங்க என்று நாங்கள் கத்த வேண்டியிருக்கவில்லை. வண்டியைப் பார்த்ததும் ஒதுங்கினார்கள். சிலர் ஒரு கை கொடுத்துத் தள்ளிவிட்டு முன்னே போனார்கள். வழியெல்லாம் அங்கிள் கீழேயே பார்த்துக்கொண்டு வந்தார். "ஒன்பது," என்பார். "எட்டு. எட்டு. அந்தப் பையனுக்கு பத்து. இன்னும் பத்து வரவழைக்கணும்." அவர் கண்ணுக்கு முன்னால் அத்தனை கால்களும் அளவாகப் பிரிந்து போய்க்கொண்டிருந்தன.

ஓர் இடத்தில் எனக்கு ரோஷம் வந்து ஷூவைக் கழற்றி வண்டியில் போட்டேன். வெயில் சாய்ந்திருந்தது, தார் ஆறவில்லை. அரைக் கிலோமீட்டர்கூடத் தாங்கவில்லை. திரும்ப மாட்டிக்கொண்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு கர்ப்பிணிப் பெண் எதையோ முணுமுணுத்துக்கொண்டு சாவகாசமாக நடந்துகொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறது இந்தத் தெம்பு என்று எனக்குத் தலை சுற்றியது. எந்த அனலிடிக்ஸிலும் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

சந்து முனைக்குப் போனபோது விளக்கு வைக்கிற நேரம். கடைப் படியிலும் எதிர்த் திண்டிலும் ஜனங்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று குடங்களில் தண்ணீர் வைத்துத் தோழி எல்லாருக்கும் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். தலை முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்கவில்லை. "வந்துட்டே இருக்குங்க, உக்காருங்க, உங்க அளவு வண்டியில வருது" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லி அவள் குரல் கட்டியிருந்தது.

"எவ்வளவு நேரமா உக்காந்திருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும். யாரும் எழுந்து போகல."

பக்கம் திறக்க நாலு விநாடி தாமதமானால் ஆள் போய்விடுவார், அவரை மறந்துவிடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர்கள் ஒரு மணி நேரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் செருப்பில் என்ன இருக்கிறது? சந்துக்கு வெளியே வேறு கடைகள் உண்டு. வைங்க என்று பாதி வழியில் சொல்லியிருந்தார்கள், அதனால் இருந்தார்கள். கண்ணாடி போட்டவர் இருந்தார், இரட்டைப் பிள்ளைகளின் அப்பா இருந்தார், சித்தூர் பத்து இருந்தார். அங்கிள் மூடியைப் பார்த்து எடுத்துக் கொடுக்க, மகள் வாங்கி அவரவர் காலடியில் வைத்தாள். அன்று யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் எல்லாம் முடிந்தபோது பதினொரு ஜோடி எழுதி வைத்தபடியே நின்றது. மஞ்சள் புடவை அம்மாவும் வரவில்லை.

மறுநாள் காலையில் தோழியின் சின்னத்தா வந்தார். நல்ல மனிதர். பேச்சு வார்த்தையில் தப்பில்லாதவர். ஆனால் கையில் அளவு நாடா இருந்தது. கண்ணாடி அலமாரி எங்கே வரும் என்று சுவரை அளக்க ஆரம்பித்தார். அங்கிள் அந்தப் பதினொரு பெட்டிகளைப் பார்த்தார்.

"பெட்டி தேங்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்" என்றார்.

"அது தேங்கின சரக்கு இல்ல, அத்தா. அது ஆளுங்களோடது," என்றாள் மகள். "வருவாங்க."

மூடிகளில் எழுதியதை எல்லாம் நான் கருவியில் ஏற்றியிருந்தேன், என் திரையில் அந்தப் பதினொன்றும் வேறு மாதிரி இருந்தது. ஏழு நாளுக்குள் வாங்காதவரை இழந்தவர் என்று கருவி சேர்த்துவிடும். எட்டாம் நாள் சேர்த்தது. நான் தோழிக்குச் சொல்லவில்லை. அங்கிள் என்ன நினைத்தாரோ, தம்பியிடம் அடுத்த பௌர்ணமி வரைக்கும் பொறுக்கச் சொன்னார். அந்த மாதம் முழுக்க ஏழாம் அளவு கேட்டு வந்தவர்களுக்கு வேறு எடுத்துக் கொடுத்தாரே தவிர, அந்தப் பெட்டிகளைத் தொடவில்லை.

வைகாசிப் பௌர்ணமிக்கு மறுநாள் காலை. நான் கடையில்தான் இருந்தேன். படியில் யாரோ கையை ஊன்றி ஏறும் சத்தம். அதே அம்மா. புடவை வேறு, கால் அதே கால்.

"போன மாசம் எடுத்து வைக்கச் சொல்லிட்டுப் போனேங்க. ரயிலுக்கு நேரமாயிடுச்சு, அப்படியே போயிட்டேன். மனசே சரியில்ல. வாங்கறேன்னு சொல்லிட்டு வாங்காம போயிட்டமேன்னு. இந்த மாசம் சுத்தி முடிச்சிட்டு நேரா இங்கதான் வரேன். வித்திருப்பீங்க, பரவால்ல, வேற குடுங்க."

அங்கிள் எழுந்தார். உள்ளே போய் அந்தப் பெட்டியை எடுத்து வந்து, மகள் கையில் கொடுத்தார். மூடியில் 'ஏழு, மஞ்சள் புடவை' என்று இருந்தது. அதைப் படித்ததும் அந்த அம்மா தன் புடவையை ஒரு தரம் பார்த்துக்கொண்டு, பெட்டியைப் பார்த்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோழி குனிந்து செருப்பைக் காலடியில் வைத்தாள். வீங்கிய கால் அதில் சரியாகப் பொருந்தியது.

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். அங்கிள் தம்பிக்குப் போன் போட்டார். "உனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கம் வேற இடம் பார்த்துத் தரேன்டா. இது புள்ளைக்கு" என்றார். பிறகு கல்லாவிலிருந்து எழுந்து வந்து வாடிக்கையாளர் உட்காரும் பலகையில் உட்கார்ந்துகொண்டார். தோழி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

நான் அறைக்குத் திரும்பி, இழந்தவர் என்று சொல்வதற்கு முன் கருவி பொறுக்க வேண்டிய நாளை மாற்றினேன். ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமி வரைக்கும். ஏழு பேர் அந்தப் பட்டியலிலிருந்து எழுந்து வந்தார்கள்.

இப்போதும் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலையில் எங்கள் பந்தல் உண்டு. அங்கே செருப்பு விற்பதில்லை, அளவு மட்டும் எழுதிக்கொள்கிறோம். கடையின் மேல்தட்டில் அந்தச் சித்திரையின் நாலு பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. ஒரு வருடம் தாண்டிவிட்டது, எடுத்து விற்றுவிடலாமே என்று போன வாரம் கேட்டேன். தோழி அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தெருவில் போகிறவர்களின் கால்களைப் பார்த்தபடியே சொன்னார்:

"அவங்க இன்னும் நடந்துக்கிட்டு இருக்காங்கம்மா."